பத்தர்

ரேணிகுண்டாவில் விடிந்துகொண்டிருந்தது.
மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பதினோரு பேர்
வரிசையில் எனக்கு முன்னால்,
ஆளுக்கொரு லட்டுப் பையோடு.
என்னிடம் மிருதங்கம்.
பிள்ளையைத் தோளில் போட்டதுபோல் என்று எழுதக் கூடாது.
பிள்ளை இத்தனை கனக்காது,
பட்டை தோளை அறுக்காது.

எக்ஸ்ரே திரையில் அது
நடு பெருத்த ஒரு நிழல்.
"அந்தர் க்யா ஹை?"
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லாததைத்தான் அவர்கள் அதிகம் சந்தேகிக்கிறார்கள்.
இரண்டு முறை உள்ளே போய் வந்தது.
பொட்டலத்து ரவையை ஒருவர் முகர்ந்து பார்த்தார்.
"உப்புமாவுக்கா?" என்றாள் தெலுங்கில்
விமானக் கம்பெனிப் பெண் ஹிமபிந்து.
"இடந்தலைக்கு."
புரியாமல் சிரித்துவைத்தாள்.

பிறகு பையின் ஓரத்தில் கைவிட்டு
பெஹரா என்ற காவலர் எடுத்தார்
என் கல்லை.

ஆரணியாற்றுக் கல்.
பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்துவிட்ட வருஷம்,
வெள்ளம் வடிந்த பிறகு, நாகலாபுரம் பக்கம்
நாற்பது கல்லைக் கையில் ஏந்திப் பார்த்து
முப்பத்தொன்பதைத் திரும்பப் போட்டேன்.
புள்ளை வைத்து மூட்டில் ஒரு தட்டு,
அப்புறம் அரைத் தட்டு,
சுருதி வந்து உட்காரும்.
பதினாறு வருஷத்தில் அது என் கட்டைவிரலுக்கு
ஒரு காய்ப்பு கொடுத்திருக்கிறது.
நான் அதற்கு ஒரு பள்ளம்.

"பத்தர்," என்றார் பெஹரா. "நோ."
இந்தியில் அது கல்.
எங்கள் நகரி கடைத்தெருவில் மூக்குத்தி செய்பவர்.
பழந்தமிழில் அடியார்.
விளக்க நேரமில்லை, கடைசி அழைப்பு வந்துவிட்டது.
மேளத்துக்கு அனுமதி உண்டு, அதன் கல்லுக்குக் கிடையாது.
தட்டில் ஏற்கெனவே மூன்று லைட்டர், ஒரு நகவெட்டி,
யார் வீட்டுக் குழந்தையுடையதோ, ஒரு பொம்மைத் துப்பாக்கி.
ஹிமபிந்துதான் கேட்டாள்:
"வெளியே வேப்பமரத்தடியில் வெச்சுடட்டுமா?
வரும்போது எடுத்துக்கலாம்."
கல்லை யார் திருடப் போகிறார்கள்.

சின்ன விமானம்.
மேலே இருந்த அறையில் கால்வாசிகூட நுழையவில்லை.
பதினான்காம் வரிசையில் ஆள் வராத இருக்கையில்
பெல்ட் போட்டு உட்காரவைத்தார்கள்.
பக்கத்து மொட்டைத்தலைக்காரர்
எழுந்து போகும்போது அதனிடம் "கொஞ்சம் சார்" என்றார்.
ஏசியில் தோல் இறுகுவது
உறைக்கு மேலேயே விரலுக்குத் தெரிந்தது.

ஹைதராபாத் முழுக்கப் பாறை.
யானை யானையாகப் பாறை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாறை.
உடைத்தால் ஜல்லி.
உள்ளங்கைக்கு ஒன்று இல்லை.
ஓட்டல் பூந்தொட்டியிலிருந்து
ஒரு வெள்ளைக் கூழாங்கல்லைத் திருடினேன்.
வழுக்கியது.
பாடகி வசுமதி இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.
தம்புராவுக்கு ஒரு மயிரிழை மேலேயே
நின்றுகொண்டது அன்றைய ராத்திரி.

மூன்றாம் நாள் திரும்பினேன்.
ஆம்னியோடு காத்திருந்த முனிரத்தினம்
பெட்டியை வாங்காமல் சொன்னார்,
"மேடம், நீங்களே வந்து பாருங்க."

வேப்பமரத்தடியில் என் கல்.
உடம்பெல்லாம் மஞ்சள்.
எது நெற்றி என்று யாரோ முடிவுசெய்து
குங்குமம் வைத்திருந்தார்கள்.
இரண்டு சாமந்தி, ஓர் எலுமிச்சை,
ஐந்து ரூபாய்க் காசு.
டாக்சிகள் அந்த இடத்தில் மட்டும்
ஹார்னை ஒருதரம் தொட்டுவிட்டுப் போயின.

"உங்க கல்லுதானே, எடுங்க" என்றார் முனிரத்தினம்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
மறுநாள் புத்தூரில் கச்சேரி.
எடுத்தேன்.
இடத்தை வெறுமையாக விட மனம் வராமல்
ரோட்டோர ஜல்லி ஒன்றைப் பொறுக்கி
அவர்தான் அங்கே வைத்தார்.
காசை அதன் முன்னால் நகர்த்தினார்.

புத்தூரில் வாரெல்லாம் மஞ்சள் ஒட்டியது.
சுருதி ஒரே தட்டில் சேர்ந்தது.
பழகிய கல், அவ்வளவுதான் காரணம்
என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மறுபடி ரேணிகுண்டா.
இந்த முறை கல்லைப் புடவைகளுக்குள் சுற்றிப்
பெரிய பெட்டியில் போட்டிருந்தேன்.
மரத்தடியைத் தாண்டும்போது பார்த்தேன்,
ஜல்லிக்கு
இரண்டு வெள்ளிக் கண்
வைத்திருந்தார்கள்.